மருதந்தோப்புக்குத் தேவையான குடும்பம்

கழிமேட்டுப் பள்ளிக்கூடத்தில் மிச்சமிருந்த ஒரே ஆசிரியையும் மாற்றல் வாங்கிக்கொண்டு போன வாரத்தில் மோனிஷா, குடும்பங்களுக்கு ஊர் ஒதுக்கும் பொருத்தகத்தில் மனுப் போட்டாள். கணவன் டில்லிபாபுவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கும் பிரசவ வார்டில் நர்ஸாக இருப்பவளுக்கும் தெற்கே, அந்தப் பச்சைப் புறநகர்களில், யார் இடம் கொடுக்கப்போகிறார்கள்?

கழிமேடு வடசென்னையைத் தாண்டி உப்பங்கழியை ஒட்டி இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடல் தெருவுக்குள் வந்துவிட்டுத் திரும்பும். எப்போதோ மூடப்பட்ட அனல்மின் நிலையத்தின் சாம்பல் மேடு மட்டும் அப்படியே நின்றது. காற்று திரும்பினால் உலர்த்திய துணியில் சாம்பல், சோற்றில் சாம்பல். அவர்கள் மகள் இதழினிக்கு எட்டு வயது. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். அதற்கும் இனி ஆள் இல்லை.

பணம் இருந்தாலே விரும்பிய ஊரில் குடியேறலாம் என்ற காலம் போய்விட்டது. சென்னையைச் சுற்றியிருந்த ஒவ்வொரு குடியிருப்புக்கும் மூன்று மதிப்பெண்கள் உண்டு. பள்ளி, கலவை, நடை. பள்ளி எப்படி, எத்தனை விதமான மனிதர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள், ஒரு குழந்தை வண்டிக்குப் பயப்படாமல் எவ்வளவு தூரம் நடந்து போகலாம். ஒரு குடும்பம் வந்தால் அந்த ஊரின் மொத்த நன்மை கூடுமா, குறையுமா என்று பொருத்தகத்தின் இயந்திரம் கணக்குப் போடும். கூடும் என்றால் வாசல் திறக்கும். இந்தச் சட்டம் வந்தபோது மோனிஷாவின் அம்மாகூடக் கை தட்டினாள். சாதி கேட்டும், வீட்டில் கருவாடு வறுப்பீர்களா என்று கேட்டும் இனி யாரும் வீடு இல்லை என்று சொல்ல முடியாதே.

பொருத்தகத்திலிருந்து அழைப்பு வந்த பிறகுதான் டில்லிக்கு விஷயம் தெரிந்தது. "சும்மா பாத்துட்டு வரலாம்யா" என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே மிருதுளா என்ற ஆலோசகர் அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நாற்பது வயதிருக்கும். நிதானமான குரல்.

"உங்க பொண்ணு மாதிரியே ஒரு பொண்ணை மெஷின் ஒவ்வொரு ஊர்லயும் வளர்த்துப் பாக்கும். அதை நாங்க நிழல்னு சொல்லுவோம். பதினஞ்சு வருஷத்தை ஒரு நிமிஷத்துல ஓட்டிடும். பாக்கறீங்களா?"

முதலில் கழிமேடு. முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஒரு கொட்டகையில் இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இதழினியின் கண்கள். மோனிஷா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தது பள்ளிக்கு முழு மதிப்பெண் வாங்கிய ஓர் ஊர். அங்கே எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். நிழல் பெண் நன்றாகப் படித்தாள், தனியாகச் சாப்பிட்டாள். மூன்றாவது ஊரில் தெருக்கள் அழகு, பள்ளிதான் சரியில்லை.

"மூணுமே இருக்குற ஊர் இல்லியா மேடம்?" என்று மோனிஷா கேட்டாள்.

"மருதந்தோப்பு இருக்கு."

திரையில் மரநிழல் விழுந்த நடைபாதை. இருபத்து மூன்று வயது இதழினி, தோளில் பையோடு, இரண்டு தோழிகளுக்கு நடுவில் வந்துகொண்டிருந்தாள். ஒருத்தி ஏதோ சொன்னதற்குத் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அப்பன் சிரிப்பு. டில்லி எழுந்து போய்த் திரையைத் தொட்டான்.

"இது நடக்குமா மேடம்?"

"நடக்கக்கூடியது" என்றார் மிருதுளா.

"எங்கள எடுத்துப்பாங்களா? அந்த ஊருக்கு எத்தினி பேர் மனு போட்டிருப்பாங்க?"

"ஆயிரக்கணக்குல. ஆனா உங்க குடும்பம் வந்தா ஊரோட கணக்கு நல்லாவே கூடுது. வாடகையில பெரிய பங்கை ஊரே ஏத்துக்கும்."

எதனால் கூடுகிறது என்று இருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. வரும் வழியில் டில்லி ரயிலில் எல்லாருக்கும் முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மருதந்தோப்பு சொன்னபடியே இருந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கு நடை, நூலகத்துக்கு நடை, கடைக்கு நடை. தெருவில் ஒரு சர்தார் குடும்பம், ஒரு மணிப்பூர்க் குடும்பம், பேராசிரியர்கள், கண் தெரியாத இசை ஆசிரியர் ஒருவர், நமாஸுக்குப் போகிறவர், கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருந்த ஷர்வாணி. எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஷர்வாணி கேட்டாள், "நீங்க மீன் குழம்பு வைப்பீங்கள்ல? ஒரு நாள் எங்களுக்குச் சொல்லித் தரணும்." கழிமேட்டில் மோனிஷாவின் மீன் குழம்பை டில்லியே பாராட்டியதில்லை.

பள்ளியில் இதழினி ஒரு வருடத்துக்குள் சரளமாகப் படித்தாள். வகுப்பில் எல்லாப் பிறந்தநாளுக்கும் அவளுக்கு அழைப்பு வந்தது. வகுப்பாசிரியை நான்சி மிஸ் அடிக்கடி அவளை எழுப்பி, கடல் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்லச் சொல்வார். இதழினி கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். "தண்ணி சல்லுனு வந்துச்சு மிஸ், எங்கப்பா என்ன பீரோ மேல ஏத்தி குந்த வச்சிட்டாரு." பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஒரு பையன் அழுதேவிட்டான். அவன் அம்மா மறுநாள் வந்து மோனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். "இவன் எதுக்கும் அழ மாட்டாங்க. மத்தவங்க கஷ்டம் இப்பதான் இவனுக்குப் புரியுது."

டில்லிக்குத்தான் கஷ்டம். துறைமுகம் சென்னையின் மறுகோடியில். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவான். நடந்து எங்கும் போகலாம் என்ற ஊரில் அவன் கால் தெருவில் பட்டதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இருந்தாலும் குறை சொல்லவில்லை.

இதழினிக்கு ஷர்வாணியின் மகள் ஈஷிகா உயிர்த் தோழியானாள். இருவரும் ஒரே குடையில் போவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். ஐந்தாம் வகுப்பு தொடங்கியபோது இதழினியை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அடுத்த பருவத்தில் இன்னொரு பிரிவு. மோனிஷா போய்க் கேட்டாள்.

நான்சி மிஸ் சங்கடமாகச் சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒரே பொண்ணு கூடவே இருந்தா மத்த பிள்ளைங்களுக்கு அவளோட பழகுற வாய்ப்பு கிடைக்காதுல்ல? எல்லாருக்கும் கிடைக்கணும்."

"எம்பொண்ணுக்கு இன்னா கெடைக்கணும் மிஸ்?"

"அவளுக்கு ஸ்கூல் கிடைச்சிருக்கே" என்றார் மிஸ். கெட்டவர் இல்லை. அவர் மனதில் இருந்ததைத்தான் சொன்னார்.

மோனிஷா அதை டில்லியிடம் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிறந்தநாள் விருந்துகளில் அவள் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினாள். தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை இதழினி பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று கவனிப்பார்கள். நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் கவனிப்பதைப் போல.

நான்காவது வருடம் மருத்துவமனையில் அவளுக்கு வார்டு பொறுப்பாளர் பதவி கொடுத்தார்கள். சம்பளமும் ஏறியது. ஷர்வாணியிடம் இனிப்புக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த மாதமே மிருதுளா வீட்டுக்கு வந்தார். முன்னைவிட மெலிந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டில்லி அன்று விடுப்பில் இருந்தான்.

"ஊரோட கணக்குல உங்க குடும்பத்தோட பங்கு குறைஞ்சிட்டே வருது" என்றார். "வருமானம் ஏறியிருக்கு. அதைக்கூட விட்டுடலாம். இதழினி பேசுறது, விளையாடுறது, பயப்படுறது எல்லாமே இப்ப மத்த பிள்ளைங்க மாதிரியே ஆயிடுச்சு. அந்தக் கடல் கதையை இப்ப அவ இங்கிலீஷ்ல, புத்தகத்துல படிச்ச மாதிரி சொல்றாளாம்."

"அதுக்குத்தானே மேடம் இங்க வந்தோம்?" என்றான் டில்லி. "அவ மாறணும்னுதானே?"

மிருதுளா குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லக் கூடாதுன்னு விதி. ஊருக்கு வர்ற குடும்பத்தை மெஷின் ரெண்டு விதமாப் பிரிக்கும். பெறுறவங்க, தர்றவங்க. இந்த ஊர்ப் பிள்ளைங்க வசதியா வளர்றாங்க. வசதியா மட்டும் வளர்ந்தா பின்னால மனுஷங்களைப் புரிஞ்சிக்க மாட்டாங்க, பெரிய பொறுப்புக்கு வர முடியாது. வேற மாதிரி வாழ்ந்த ஒரு பிள்ளை கூட நாலு வருஷம் பழகினா அவங்க நிழல் எல்லாமே நல்லா மாறுது. அந்தக் கணக்குலதான் உங்களை எடுத்தாங்க. நீங்க தர்றவங்க."

"அப்ப எங்க பொண்ணோட நிழல்?" மோனிஷா கேட்டாள். "சிரிச்சிக்கினு வந்தாளே."

"அது பொய் இல்லை. அவளுக்குப் பல நிழல் ஓட்டினோம், அதுல அப்படியும் ஒண்ணு இருந்துச்சு. இருந்ததுலயே நல்லதைத்தான் காட்டுவோம்."

சமையலறையில் குக்கர் கத்தியது. யாரும் எழுந்துபோகவில்லை.

"இப்ப இன்னா பண்ணணும்?" என்றான் டில்லி.

"அடுத்த கணக்கெடுப்புல பங்கு ஏறலைன்னா இடத்தைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. ஏறுச்சுன்னா இருக்கலாம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தவற்றை நினைத்து மோனிஷா பிற்பாடு பல தடவை கூசிப்போனாள். வார்டு பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இதழினிக்குப் புதுக் காலணி வாங்கித் தரவில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசினால் அதட்டினாள். "முன்ன எப்டி பேசுவ? அப்டி பேசு. 'குந்திக்கினு'ன்னு சொல்லு."

இதழினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மாவை உற்றுப் பார்த்தாள். "எதுக்கும்மா? நான் அப்படிப் பேசுறதே இல்லையே. நடிக்கச் சொல்றியா?"

"நடிக்கச் சொல்லல. மறக்காதன்னு சொல்றேன்."

"எனக்கு அங்க இருந்தது சரியா ஞாபகம் இல்லம்மா. நீங்க சொன்னதைத்தான் நான் கிளாஸ்ல சொல்றேன்."

டில்லிதான் யோசனை சொன்னான். விடுமுறையில் அவளைக் கழிமேட்டுக்குக் கூட்டிப்போய் அவன் தங்கை ஹேமா வீட்டில் சில நாட்கள் விடலாம். கண்ணால் பார்த்தால் ஞாபகம் திரும்பும். திரும்பாவிட்டாலும் சொல்வதற்குப் புதிதாக ஏதாவது கிடைக்கும். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் மோனிஷாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹேமா மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். கீழ்த்தளத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. புருஷன் படகோடு போனவன் திரும்பவில்லை. மகன் கபிலேஷ் இதழினியைவிட ஒரு வயது சின்னவன். பள்ளி இல்லாததால் காலையில் நண்டு பிடிக்கப் போவான். மதியம் கைப்பேசியில் தானாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பான். நண்பகல் வெயிலில் சாம்பல் பறந்தால் ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டுவது அவன் வேலை.

"அண்ணி, பாப்பா வளந்துடுச்சு! பாக்கவே டீச்சர் மாதிரி இருக்குது" என்று ஹேமா மருமகளைக் கட்டிக்கொண்டாள். இருக்கிற ஒரே விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தாள்.

கிளம்பும் முன் மோனிஷா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். கபிலேஷ் தான் பிடித்த நண்டைக் காட்டி ஏதோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இதழினி தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை விரித்து, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் நிறுத்தியதும் மெதுவாக, "உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குமில்ல?" என்றாள். கபிலேஷுக்குப் புரியவில்லை. நண்டு பிடிப்பதில் என்ன கஷ்டம் என்பது போலப் பார்த்தான்.

மருதந்தோப்புப் பெண்கள் தன் மகளைப் பார்த்த அதே பார்வை அது. மோனிஷா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாச்சு?" என்றான் டில்லி.

"ஒண்ணுமில்ல. தல சுத்துது."

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் இதழினி வகுப்பில் பேசினாள். பிறகு பள்ளி மொத்தத்துக்கும் முன்னால் பேசச் சொன்னார்கள். ஈரச் சாக்கைப் பற்றி, மாடிப்படி வரை வரும் கடலைப் பற்றி, பள்ளிக்கூடம் இல்லாமல் தானாகவே பின்னம் கற்றுக்கொண்ட பையனைப் பற்றிப் பேசினாள். பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஷர்வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டில்லி அன்று வேலையை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். "பொழச்சோம்டி" என்று மனைவியின் காதில் சொன்னான்.

கணக்கெடுப்பு முடிந்து மிருதுளா வந்தபோது, கையில் இதழினிக்கு ஒரு புத்தகம் வாங்கி வந்திருந்தார். அதைப் பார்த்ததும் மோனிஷாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அவ ரொம்ப நல்லாப் பேசினா" என்றார் மிருதுளா. "இந்த ஊர்ப் பிள்ளை ஒண்ணு அங்க போய்ப் பாத்துட்டு வந்து பேசினா எப்படிப் பேசுமோ அப்படி. மெஷின் அவளை இப்ப பெறுறவங்க பக்கம் போட்டிருச்சு. அந்தப் பக்கம் இருக்கணும்னா முழு வாடகை, முழுக் கட்டணம். உங்க ரெண்டு பேர் சம்பளத்துல அது ஆகாது."

"வேற ஊரு?" என்றான் டில்லி. "சின்ன ஊரா இருந்தாலும் பரவாயில்ல மேடம். பள்ளிக்கூடம்னு ஒண்ணு இருந்தா போதும்."

"எல்லா ஊர்லயும் ஓட்டிப் பாத்துட்டேன் சார். நானே உக்காந்து பாத்தேன். நீங்க போனா எந்த ஊருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சைபர். சைபருக்குக் கதவு திறக்காது."

"திரும்பிப் போய் கழிமேட்லயே கொஞ்ச வருஷம் இருந்தா? அப்பறம் மறுபடி மனு போட்டா?"

"ஒரு தடவை மாறினது மாறினதுதான். அவ திரும்ப அந்தப் பொண்ணா ஆக மாட்டா."

டில்லி எழுந்து ஜன்னல் பக்கம் போனான். வெளியே நடைபாதையில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். "உங்க வேலையில தூக்கம் வருமா மேடம்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டதைப் போல இருந்தது.

"எங்க ஊர்ல நான் பெறுறவங்க பக்கம் சார்" என்றார் மிருதுளா. "வேலையை விட்டா எம்பையனுக்கு அந்த ஸ்கூல் போயிடும்."

போகும்போது தயங்கி நின்று இன்னொன்றும் சொன்னார். இதழினி பேசியதிலிருந்து ஊரில் பலரும் அந்தப் பையனைப் பற்றியே கேட்கிறார்களாம். இயந்திரமும் ஓட்டிப் பார்த்துவிட்டது. அவன் வந்தால் கணக்கு நன்றாகக் கூடுகிறது.

இரண்டு நாள் கழித்து ஹேமா கூப்பிட்டாள். மோனிஷா அப்போது அலமாரியிலிருந்து துணிகளை எடுத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் போக ஓர் இடம் கிடைத்திருந்தது. மிருதுளா சொன்னபடி நடந்தால் இன்னும் சில வாரங்களில் காலியாகப்போகும் ஹேமாவின் கழிமேட்டு மாடி அறை. ஹேமாவுக்கு அது தெரியாது. அண்ணன் குடும்பம் கழிமேட்டிலேயே பக்கத்துத் தெருவுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! மனுவே போடல, அவங்களே கூப்ட்டு எங்களுக்கு எடம் குடுத்துட்டாங்க அண்ணி! மருதந்தோப்பே!" ஹேமா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "கபிலேஷப் பாத்தேன். பெரிய ஆளா, கண்ணாடி போட்டுக்கினு, ஏதோ ஆபீஸ்ல நின்னுக்கினு இருக்கான். அந்த மேடம் ஒண்ணுமே பேசல. நான்தான் கால்ல உழப் போய்ட்டேன்."

மோனிஷா கட்டிலில் உட்கார்ந்தாள். டில்லி கதவருகே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம். சொன்னால் ஹேமா ஒருவேளை வர மாட்டாள். வராவிட்டால் அந்தப் பையன் ஈரச் சாக்கு கட்டிக்கொண்டு அங்கேயே இருப்பான். வந்தால் நாலு வருடம் பள்ளிக்கூடம் போவான். நாலு வருடத்தில் படிப்பது படிப்புதானே. அதற்கப்புறம்?

டில்லி மெல்லத் தலையை ஆட்டினான். சொல் என்கிறானா, வேண்டாம் என்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

"அண்ணி, லைன்ல இருக்கியா? அங்க நல்லாத்தானே இருக்கும்? பையன நல்லாப் பாத்துப்பாங்கல்ல?"

"நல்லாப் பாத்துப்பாங்க ஹேமா" என்றாள் மோனிஷா. "எல்லாரும் நல்லவங்க. நடந்தே ஸ்கூலுக்குப் போலாம். வழியெல்லாம் மரம்."

"நீ கெளம்புறதுதான் எனக்கு மனசு கேக்கல. உனக்கும் அண்ணனுக்கும் அந்த ஊரு ஒத்துக்கலியா?"

"அவருக்கு வேலைக்குப் போக தூரம்" என்றாள். பிறகு கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "ஹேமா, ஒண்ணு சொல்றேன், மறக்காம கேளு. கபிலேஷ் இப்ப எப்டி பேசுறானோ அப்டியே பேசட்டும். இங்கிலீஷ் கத்துக்கட்டும், ஆனா வெளிய பேச வேணாம். நண்டு புடிக்கிறது, தண்ணி வர்றது, எதையும் மறக்க உடாத. தெனமும் கேளு அவன. எவ்ளோ நாள் முடியுமோ அவ்ளோ நாள்."

"இன்னா அண்ணி இப்டி சொல்ற?" ஹேமா சிரித்தாள். "அங்க போயும் இந்தப் பேச்சப் பேசினா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்க மாட்டாங்க" என்றாள் மோனிஷா. "அவங்களுக்கு அது ரொம்பப் புடிக்கும்."